வண்டியில் சத்தம் வருகிறதா? என்ஜினைப் பிரிக்கும் முன்

"வண்டில என்னமோ ஒரு சவுண்டு வருது அண்ணே." ஒர்க்‌ஷாப் வாசலில் பைக்கைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் இவ்வளவுதான் சொல்வார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கை என்ஜினைக் காட்டும். என்ஜின் பக்கம் கேட்கும் சத்தமெல்லாம் என்ஜின் சத்தமாக இருக்காது. செயினில் உண்டாகும் சத்தம் பிரேம் வழியே ஏறி பெட்ரோல் டேங்குக்கு அடியில் வந்து கேட்கும். அதனால் சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது: குளிர்ந்த ஸ்டார்ட்டிலா, ஏற்றத்திலா, பிரேக் பிடிக்கும்போதா, ஆக்ஸிலரேட்டரை விடும்போதா?

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். வண்டி நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது கிளட்ச்சைப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். என்ஜின் தணிந்ததும் சத்தமும் தணிந்தால் கோளாறு என்ஜினிலோ சைலன்சரிலோ இருக்கிறது. வண்டி உருளும் வேகத்துக்கு ஏற்ப சத்தம் தொடர்ந்தால் வீல், செயின், பிரேக் பக்கம் பாருங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் இந்தச் சோதனை வேண்டாம். அப்போது அங்கே வீசும் பலத்த காற்றில் எந்தச் சத்தமும் காதில் விழாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது செயின்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. கடற்கரையில் உப்புக்காற்று வேறு. செயின் உலர்ந்தால் 'கரகர' என்று அரைக்கும். தொய்ந்தால் செயின் கவரில் 'சடசட' என்று அடிக்கும். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளில் செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக 20 முதல் 30 மி.மீ. வரை ஆட வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மெயின் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை அணைத்து, பின்வீலைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கமும் இன்னோரிடத்தில் தொய்வுமாக இருந்தால் செயின் சீரில்லாமல் நீண்டுவிட்டது. இனி எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கிபோல வளைந்திருந்தால் செயினை மட்டும் மாற்றாதீர்கள், பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். முன், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே, துடைத்து எண்ணெய் விடுங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர் நேரே பின்வீலின் நடுப்பகுதியான ஹப்பில்தான் விழுகிறது. ஆயில் சீல் வழியே அது உள்ளே போனால் பேரிங்கில் கிரீஸ் கெட்டுத் துருப்பிடிக்கும். வேகம் ஏற ஏற 'உம்ம்ம்' என்று கனக்கும் சத்தம் அதன் அடையாளம். வீலைத் தரையிலிருந்து தூக்கி, இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று. மாற்றும்போது இரு பக்கப் பேரிங்கும் சீலும் சேர்த்து மாற்ற வேண்டும். நடுவில் வரும் ஸ்பேசர் குழாயை மறந்து ஆக்சிலை இறுக்கினால் புதுப் பேரிங்கும் பக்கவாட்டு அழுத்தத்தில் சில நாளிலேயே போய்விடும். பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்துத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டால் இந்தச் செலவு பெரிதும் குறையும்.

காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் டிஸ்க் 'சர்ர்' என்றால் பயப்பட வேண்டாம், அது இரவில் படிந்த துரு. அது நாள் முழுக்கத் தொடர்ந்தால் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைப் பாருங்கள். பேடின் இரும்பு, டிஸ்கில் உரசத் தொடங்கினால் டிஸ்கையும் சேர்த்து வாங்க வேண்டி வரும்.

முன்பிரேக் பிடிக்கும்போது ஹேண்டிலில் 'டக்' என்று தட்டினால் ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து விடும்போதெல்லாம் பின்னால் 'டக்' என்றால் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்கும். ரப்பரின் விலை சொற்பம். அதைக் கவனிக்காமல் கியர்பாக்ஸைக் குறை சொல்லிப் பிரித்தால்தான் செலவு.

இனி என்ஜின். 'டிக் டிக்' என்று சீராக வந்தால் அது வால்வை அழுத்தும் டாப்பெட் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிளக் சரியாக இறுகாவிட்டாலும், சைலன்சர் குழாய் என்ஜின் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கட் கசிந்தாலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்த இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வந்தால் கசிவு, டாப்பெட்டைத் தொட வேண்டாம்.

டாப்பெட்தான் என்றால் என்ஜின் முழுதும் குளிர்ந்த பிறகே அளக்க வேண்டும். என்ஜினோடு சுழலும் மேக்னட்டில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியைச் சேர்த்து, இரண்டு வால்வும் மூடியிருப்பதை உறுதிசெய்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பல சிறிய வண்டிகளில் டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் இருக்கும். "சத்தமே கேக்கக் கூடாது, நல்லா டைட் பண்ணுங்க" என்று வற்புறுத்துகிறவர்கள் உண்டு. வண்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. சூடான புகை அதன் விளிம்பை எரிக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) போய் காலையில் ஸ்டார்ட் ஆகாது. லேசான டிக் டிக் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்டார்ட் செய்ததும் 'சலசல' என்று சங்கிலி உரசிச் சற்று நேரத்தில் அடங்கினால் என்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள். பேச்சிப்பாறை, கீரிப்பாறை ஏற்றங்களில் டாப் கியரிலேயே முறுக்கும்போது கூழாங்கல்லைக் குலுக்குவதுபோல் கேட்டால் என்ஜின் திணறுகிறது; ஒரு கியர் குறையுங்கள். கியர் குறைத்தும் கேட்டால் கார்பன் படிந்திருக்கலாம், அல்லது பிளக் பொறி விடும் நேரம் (இக்னிஷன் டைமிங்) தவறியிருக்கலாம்.

என்ஜினில் எந்தச் சத்தமானாலும் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, என்ஜினை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் குச்சியை எடுக்க வேண்டும். பல 100 சிசி வண்டிகள் ஒரு லிட்டருக்குள்தான் ஆயில் பிடிக்கும். அதில் 300 மி.லி. குறைந்தாலே வால்வைத் திறக்கும் கேமும் ராக்கரும் வறண்டு தேய ஆரம்பிக்கும்.

லோடு ஏற ஏற என்ஜினின் அடிவயிற்றிலிருந்து 'டங் டங்' என்று கனமாக அடித்தால் கனெக்டிங் ராடு கிராங்கில் சேரும் இடத்துப் பிக் எண்டு பேரிங் போயிற்று. அந்த வண்டியை ஒர்க்‌ஷாப் வரைகூட ஓட்டிவராதீர்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் அந்த ராடு முறிந்தால் கிராங்க் கேஸையும் உடைத்துக்கொண்டு வரும். குட்டி யானை பிடித்து ஏற்றிவிடுங்கள்.