மதுவைத் தடுத்தால் மதுரையும் போகும்

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று வெடித்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிப் பள்ளிக் கணினியில், விக்கிப்பீடியாவில் ஒரு வேலூர் மாணவி தேடுகிறாள் என்று வையுங்கள். அந்தக் கட்டுரையில் கொலை வரும், துப்பாக்கி வரும். வராமல் எப்படி எழுதுவது? வேண்டாத பக்கங்களைத் தடுக்கப் பள்ளி வைத்திருக்கும் மென்பொருளான வடிகட்டி சொற்களை மட்டும் பார்ப்பதாக இருந்தால் பக்கம் திறக்காது. சொந்த ஊர் வரலாறே அவளுக்குக் கிடைக்காது.

சொல்லைப் பார்த்துத் தடுப்பது பழைய முறை. தடைச்சொற்களுக்கு ஒரு பட்டியல் இருக்கும். அந்த எழுத்துவரிசை எங்கே வந்தாலும் மென்பொருள் பிடித்துக்கொள்ளும். தமிழில் இது படுமோசமாகிவிடும். ‘மது’வைப் பட்டியலில் சேர்த்தால் மதுரை மாட்டும், நமது, உமது, முகமது எல்லாம் மாட்டும். சரி, தனிச்சொல்லாக வந்தால் மட்டும் பிடி என்று மாற்றினால் மதுவை, மதுவால், மதுக்கடை எல்லாம் தப்பிவிடும். போதாததற்கு, ‘கொ’வில் உள்ள கொம்பையும் காலையும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத மென்பொருளுக்கு ஒரு ‘கொலை’ சிக்கும், இன்னொன்று சிக்காது.

இணைப்பின் நடுவே வைக்கும் வடிகட்டிக்கு வேறு சிக்கல். விக்கிப்பீடியா 2015 முதல் எல்லாருக்கும் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பையே தருகிறது. ஒட்டிய கடித உறை போல, தளத்தின் பெயர் வெளியே தெரியும். எந்தக் கட்டுரை என்பது தெரியாது. ஆகவே முழுத் தளத்தையும் மூட வேண்டும், அல்லது முழுவதும் திறக்க வேண்டும். வடிகட்டியை நம்பச் சொல்லும் தனிச் சான்றிதழைக் கணினிகளில் நிறுவி உள்ளே படிக்க வழி உண்டு. ஆனால் பிள்ளைகள் தட்டும் கடவுச்சொல்லையும் அந்த வடிகட்டி பார்த்துவிடும். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

தடுப்பதைவிடத் தேர்ந்தெடுப்பது நல்லது. எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் அறக்கட்டளை ஆங்கிலத்தில் அப்படிச் செய்தது: பள்ளிகளுக்கான அதன் விக்கிப்பீடியாத் தொகுப்பின் 2013 பதிப்பில் சுமார் 6,000 கட்டுரைகள், ஆட்கள் பார்த்துத் தேர்ந்தவை. இப்போது, விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் திட்டத்தின் கருவிக்குத் தலைப்புப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் போதும். அந்தக் கட்டுரைகளை மட்டும் சுருக்கி ஒரே கோப்பாகத் தரும். உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை கணினி ஒன்றில் அதை ஏற்றிவிட்டால் வகுப்பு முழுக்க வைஃபையில் படிக்கலாம், இணையமே வேண்டாம். குடியாத்தத்திலோ காட்பாடியிலோ நாலு ஆசிரியர்கள் உட்கார்ந்தால் பாலாறு, வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர், சிப்பாய்ப் புரட்சி என்று பட்டியல் வளரும். சொல்வடிகட்டி தயங்கும் மார்பகப் புற்றுநோயை உயிரியல் ஆசிரியர் தயங்காமல் சேர்ப்பார். அப்புறம், இந்தப் பிரதி தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஒவ்வொரு ஜூனிலும் பட்டியலைத் திருத்திப் புதுக்கோப்பு எடுக்க வேண்டும்.