மைக்கை அணைத்துவிட்டு வரைவோம்

சனிக்கிழமை காலை 6 மணி. ஜூமில் எட்டுக் கட்டங்கள். ஒன்றில் ஒரு கை பென்சில் கோடு போடுகிறது. இன்னொன்றில் நனைந்த தாள் காய்வதற்காகக் கிடக்கிறது. முகம் எதுவும் தெரியவில்லை, யாரும் பேசவில்லை. பெரியவர்களுக்கு வாட்டர்கலர் சொல்லித்தருவது என் தொழில். ஆனால் நான் நடத்துவதில் அதிகம் பலன் தருவது, எதுவுமே சொல்லித்தராமல், அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து வரையும் இந்த ஒன்றரை மணி நேரம்தான்.

வகுப்பில் நன்றாக வரைகிறவர்கள்கூட வீட்டுக்குப் போனதும் தூரிகையைத் தொடுவதில்லை, முக்கியமாகப் பெண்கள். வரைய உட்கார்ந்தால், சும்மா இருப்பதாகத்தான் வீட்டாருக்குத் தோன்றுகிறது. ஆளாளுக்கு ஒரு வேலை சொல்கிறார்கள். "ஆறு மணிக்கு எனக்கு ஆன்லைன் இருக்கு" என்றால் அதே வீடு கதவைச் சாத்திக்கொடுக்கிறது. ஒரு மாணவி, நான்கு மாதம் பாதியில் கிடந்த பூசணிப்பூ ஓவியத்தை இரண்டே சனிக்கிழமையில் முடித்தார். நான் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

கூடி உட்கார்ந்து, அவரவர் படத்தை வரைவது ஓவியர்களுக்குப் பழைய வழக்கம். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் 'அகாடெமி சுயிஸ்' என்று ஓர் இடம் இருந்தது. பெயர்தான் அகாடெமி, ஆசிரியரும் கிடையாது, தேர்வும் கிடையாது. கட்டணம் கட்டினால், மாடலாக நிற்கும் ஆளைப் பார்த்து வரையலாம், அவ்வளவுதான். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் மோனே அங்கே வரைந்திருக்கிறார். 1861-ல் பாரிஸ் வந்த ஓவியர் செசான், இன்னொரு ஓவியரான பிசாரோவைச் சந்தித்ததும் அங்கேதான். நம் பக்கத்தில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னை அருகே 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலும் ஓவியர்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்துகொண்டு வேலை செய்தார்கள்.

ஆரம்பத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஒருவருடைய வானம் அழகாக வந்திருந்தது. மைக்கைத் திறந்து பாராட்டிவிட்டேன். அடுத்த வாரம் மூன்று பேர் கேமராவைப் போடவில்லை, இரண்டு பேர் அதே வானத்தை முயன்றார்கள். ஒரே பாராட்டில் அது மறுபடி வகுப்பாகிவிட்டது! அன்றிலிருந்து நடுவில் நான் வாயே திறப்பதில்லை.

பிறர் உடனிருப்பது நம் வேலையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. மற்றவர்கள் உடனிருக்கும்போது, நன்கு பழகிய வேலை மேம்படும், இன்னும் பழகாத வேலை தடுமாறும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயன்ஸ் 1965-ல் எழுதினார். என் மாணவர்களிடமும் இதையே பார்க்கிறேன். கை பழகிய இலையும் கிளையும் சேர்ந்திருக்கும்போது தடையில்லாமல் வருகின்றன. ஈரத்தாளில் வண்ணம் பரவவிடுவதை முதன்முதலாக முயல்கிறவருக்குக் கை நடுங்குகிறது. அதனால் புதிதாக ஒன்றைப் பழகும் நாளில் கேமராவை அணைத்துவிடுங்கள் என்கிறேன். ஜூமை விட்டுப் போகவேண்டாம். மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். கேமரா கட்டாயம் என்று ஒரு குழு சொன்னால், அது உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசித்துவிட்டுச் சேருங்கள்.

கேமராவை முகத்துக்கு வைக்காமல் மேசைக்கு வையுங்கள். பின்னால் பிள்ளைகள் நடமாடுவதும் அப்போது தெரியாது. பிறருடைய முடியாத ஓவியத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆயில் பெயின்ட் செய்கிறவர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்லவேண்டும். சத்தம் கேட்கக்கூடாதென்று கதவையும் ஜன்னலையும் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, பெயின்டைக் கரைக்கும் டர்பென்டைனைத் திறக்காதீர்கள். அந்த ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். மைக்தான் மியூட்டில் இருக்கிறதே, ஜன்னல் திறந்திருக்கட்டும். பெயின்டில் சேரும் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவும் கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

தொடங்குவதற்கு இரண்டு பேர் போதும். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம் கிடைக்கும். முதல் வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு) போட்டு, அது காய்ந்து, இரண்டாவதைத் தொடங்க அந்த நேரம் சரியாக இருக்கும்.