பூஞ்சை தெளித்தால் குளவி சாகுமா?

ஆனைமலைப் பக்கத்திலிருந்து தென்னை விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெள்ளை ஈக்கு என்கார்சியா குளவி வாங்கி வந்து ஓலையில் கட்டினோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, இப்போது ஐசேரியா பூஞ்சை அடிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பூஞ்சை வெள்ளை ஈயைக் கொல்லும் என்றால், அதன் வயிற்றுக்குள் வளர்கிற குளவிக் குஞ்சை மட்டும் விட்டுவைக்குமா? காசு கொடுத்து ஒன்றை வாங்கி, மறுபடியும் காசு கொடுத்து அதைக் கொல்வதா?"

நல்ல கேள்வி. குளவி சாகவும் செய்யும், பிழைக்கவும் செய்யும். தெளிக்கிற நாளைப் பொறுத்தது அது.

முதலில் பூச்சியைப் பார்த்துவிடுவோம். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்கச் சரக்கு. பெலிஸ் நாட்டில் கிடைத்த மாதிரிகளை வைத்து 2004-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். 2009-ல் ஃபுளோரிடாவில் தென்பட்டது, 2016-ல் பொள்ளாச்சிக்கு வந்துவிட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு பூசி முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து, பிடித்த இடத்தில் வாயைச் செருகி உட்கார்ந்துவிடும். அதன்பின் இறக்கை முளைக்கும்வரை நகராது. உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பாகக் கழிக்கும். அது கீழ் மட்டைகளிலும் ஊடுபயிரான வாழை, கோகோ, ஜாதிக்காய் இலைகளிலும் விழ, அதன்மேல் கரும்பூசணம் படரும். தோப்பே கரி பூசியதுபோல் ஆவது அதனால்தான்.

பூஞ்சையின் வேலையும் பலருக்குத் தெரிந்ததே. சாறு உறிஞ்சும் பூச்சி இலையைத் தின்பதில்லை, அதனால் தின்றால் மட்டுமே கொல்லும் பாக்டீரியா மருந்துகள் அதனிடம் பலிக்காது. பூஞ்சைக்கு வாய் வழி தேவையில்லை. வித்து தோலில் ஒட்டி முளைவிடும்; தோலின் புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து துளை போட்டு உள்ளே இறங்கும். பூச்சியின் இரத்தத்தில் ஈஸ்ட் மாதிரி சின்னச் சின்ன உருளைகளாகப் பிரிந்து பெருகும். சில நாளில் பூச்சி சாகும். காற்றில் ஈரம் இருந்தால் உடலைப் பிளந்துகொண்டு வெளியே வந்து அடுத்த வித்துகளை உதிர்க்கும். பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் வெள்ளை ஈக்குப் பரிந்துரைக்கும் ஐசேரியா ரகத்தின் பெயர் பி.எஃப்.யு-5. தெளிப்பு நீரில் ஒரு மில்லி லிட்டருக்கு 10 கோடி வித்துகள் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

குளவி விஷயத்துக்கு வருவோம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

குளவி என்றதும் ஓட்டில் கூடு கட்டிக் கொட்டுகிறதே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். என்கார்சியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நம்மைக் கொட்டத் தெரியாது. 1926-ல் இங்கிலாந்தில் தக்காளி வளர்த்த ஒருவர், தன் செடியில் வெள்ளை ஈக் குஞ்சுகள் சில கறுத்துக் கிடப்பதைக் கவனித்துச் சொன்னார். செஷன்ட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஸ்பேயர் என்ற பூச்சியியலாளர் அவற்றை வைத்துப் பார்த்தபோது உள்ளிருந்து குளவி வந்தது: என்கார்சியா ஃபார்மோசா. சில ஆண்டுகளில் அந்த நிலையம் ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் குளவி வளர்த்து விநியோகித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து டி.டி.டி. பூச்சிக்கொல்லி வந்ததும் எல்லோரும் குளவியைக் கைகழுவினார்கள். பூச்சிகள் மருந்துக்குப் பழகிய பிறகு, 1970-களில் மறுபடி தேடிப் போனார்கள்.

அது வேட்டையாடுவதை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். உணர்கொம்பால் இலையைத் தட்டிக்கொண்டே நடக்கும். வெள்ளை ஈக் குஞ்சு தட்டுப்பட்டால் மேலே ஏறி, ஓரம் ஓரமாகத் தட்டி அளவு பார்க்கும். ரொம்பச் சிறியதென்றால் இறங்கிப் போய்விடும். சரிப்பட்டால் பின்பக்கத்தைத் திருப்பி, முட்டையிடும் ஊசியை உள்ளே செலுத்தும். அரிசி மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு நாலு அரிசி எடுத்துப் பார்க்கிறார்களே, அந்த வேலையையும் இந்த ஊசியே செய்துவிடுகிறது. அதன் நுனியில் சுவை உணரும் நுண் உறுப்புகள் இருக்கின்றன. உள்ளே ஏற்கெனவே வேறொரு குளவியின் முட்டை இருக்கிறதா என்பது அதற்குத் தெரிகிறது. பூஞ்சை இருக்கிறதா என்பதும் தெரிகிறது!

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நெதர்லாந்தின் ஃபிரான்சென், வான் லென்டெரன் இருவரும். அவர்கள் எடுத்துக்கொண்டது அதே ஃபார்மோசா குளவியையும், அஷெர்சோனியா என்ற பூஞ்சையையும். 1993-ல் வந்த ஆய்வில், பூஞ்சை தெளித்த வெள்ளை ஈக் குஞ்சுகளைக் குளவிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தெளித்த புதிதில் குளவி ஏமாந்துவிடுகிறது. பூஞ்சை இன்னும் இரத்தத்தில் பெருகவில்லை, ஊசிக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, முட்டை வைத்துவிடுகிறது. அந்த முட்டை வீண். ஒரு வாரம் கழித்துக் கொடுத்தால் கதையே வேறு. ஊசியை விட்டுப் பார்த்துவிட்டு, முட்டை வைக்காமல் உருவிக்கொண்டு போய்விடுகிறது.

மறுபக்கத்தை 1994-ல் பார்த்தார்கள். முதலில் குளவி முட்டை வைக்கட்டும், பிறகு பூஞ்சையைத் தெளிப்போம். முட்டை வைத்த முதல் மூன்று நாளுக்குள் தெளித்தால் குளவிக்குச் சேதம். நான்காம் நாளோ அதற்குப் பிறகோ தெளித்தால், தெளிக்காத செடியில் வெளிவரும் அளவுக்கே குளவிகள் வெளிவருகின்றன. நான்காம் நாளில் அப்படி என்ன நடக்கிறது? முட்டை பொரிந்து புழு வெளியே வருவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். புழு வந்துவிட்டால் அந்த உடல் பூஞ்சைக்கு உதவாத நிலமாகிவிடுகிறது. வெள்ளை ஈயின் தோலும் இரத்தமும் மாறிவிடுவது காரணமாக இருக்கலாம்; புழுவே கிருமிநாசினி எதையாவது சுரக்கலாம். இரண்டாவதை நம்ப எனக்கு ஆசை, ஏனென்றால் வேறொரு குளவி அதைச் செய்து காட்டியிருக்கிறது. கரப்பானுக்குள் வளரும் மரகதக் குளவியின் புழு, வாயிலிருந்து ஒரு திரவத்தை உமிழ்ந்து கரப்பானின் உள்பக்கத்தை மெழுகுவதை ஜெர்மனியில் 2013-ல் கண்டுபிடித்தார்கள். அதில் மெல்லீன், மைக்ரோமோலைடு என்று இரண்டு கிருமிக்கொல்லிகள் இருந்தன. சாப்பாடு கெட்டுப்போகாமல் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

ஆக, பூஞ்சையும் குளவியும் ஒரே இரைக்குப் போட்டியாளர்கள்தான், சந்தேகமில்லை. ஆனாலும் இரையைப் பங்கு போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. பூஞ்சைக்கு எளிதில் மடிவது இளங்குஞ்சுகள். ஃபார்மோசா குளவி தேடுவது மூன்றாம், நான்காம் பருவக் குஞ்சுகளை. தென்னையில் எல்லாப் பருவமும் ஒரே ஓலையில் கலந்து கிடப்பதால் இரண்டுக்கும் வேலை இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன நாட்கணக்கு டச்சுக் கண்ணாடிக் குடிலுக்கு உரியது. நம் தோப்பில் இருப்பது என்கார்சியா குவாடலூபே, பூஞ்சையும் வேறு. அதனால் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், நாட்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னைக் கேட்டால் பூஞ்சை முதலில், இரண்டு வாரம் கழித்துக் குளவி. குளவி ஏற்கெனவே கட்டியாயிற்று என்றால் மூன்று வாரமாவது பொறுக்கலாம், ஏனென்றால் அவை ஒரே நாளில் வெளிவந்து ஒரே நாளில் முட்டை வைத்து முடிப்பதில்லை. அப்போதும் தோப்பு முழுக்க அடிக்காமல், மோசமான மரங்களுக்கு மட்டும். வித்து வெயிலில் செத்துவிடும். மாலையில், ஓலையின் அடியில் படும்படி அடியுங்கள். போர்டோ கலவை கலக்கிய டேங்கில் பூஞ்சையையும் ஊற்றினால் பூஞ்சைக்கொல்லி தன் வேலையைச் செய்துவிடும். குளவி பிடித்திருக்கிறதா என்று பார்க்க பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். காலிக் கூட்டின் முதுகில் வட்டமாகத் துளை இருந்தால் உள்ளிருந்து போனது குளவி; ஆங்கில 'T' எழுத்துபோல் பிளந்திருந்தால் போனது வெள்ளை ஈ. வட்டத் துளை நிறைய தெரிகிற மரத்தில் எதையுமே தெளிக்காதீர்கள், இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி அறவே வேண்டாம்.

தோப்புக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்று பூசணிக்காய் கட்டுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். 'இயற்கை மருந்துதானே, யாருக்கும் ஒன்றும் ஆகாது' என்று மாதாமாதம் பூஞ்சை அடிப்பதும் எனக்கு அதே ரகமாகத்தான் படுகிறது. பூஞ்சைக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாது. கடையில் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலம் என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாதுதான், வெள்ளை ஈக்கும் சேர்த்து.

இன்னொரு விஷயம், இது அரசுக்கு. குவாடலூபே குளவியை யாரும் திட்டமிட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லை. 1990-களில் வந்த வேறொரு சுருள் வெள்ளை ஈயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் லட்சத்தீவில் அதைப் பிடித்து, கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொன்ன ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் 2016-ல் பொள்ளாச்சியில் புதுப் பூச்சி வந்தபோது, "மருந்தடிக்காதீர்கள், இதற்கான குளவி இங்கேயே இருக்கிறது" என்று காயங்குளத்துத் தென்னை ஆராய்ச்சியாளர்களால் சொல்ல முடிந்தது. என்கார்சியாவில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் உணர்கொம்புக் கணுவிலும் இறக்கை மயிரிலும் இருக்கும். மருந்தடிக்கும் டிரோனுக்கு மானியம் கிடைக்கும் நாட்டில், இந்த மயிரை எண்ணத் தெரிந்தவர்களுக்கான பணியிடங்களையும் நிரப்பலாம்.