டோக்கன் எண் 14

காசிமேட்டில் மீன் ஏலம் முடித்துவிட்டு நேராகக் கோர்ட்டுக்கு வருகிற அக்காவின் கூடையில் மீன் வெட்டும் கத்தி இல்லாமல் இருக்குமா? ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி ஆட்களுக்கு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் வேலைக்கு நடுவில்தான் ஓடி வருவார்கள். எலக்ட்ரீஷியன் பையில் ஸ்க்ரூ டிரைவர், மூட்டை தூக்குபவர் இடுப்பில் கொக்கி, தையல்காரரிடம் கத்தரி.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிச் சில வருடங்கள் வடசென்னையில் கோர்ட் பாரா, அதாவது காவல் வேலை, பார்த்தவன் நான். முதல் வாரம் இதையெல்லாம் ஆயுதமாகப் பார்த்து வாசலில் சண்டை போட்டேன். "இன்னா சார், உள்ள வுட மாட்டேன்னா இத்த எங்க வெக்கறது, உன் தலையிலயா?" என்று ஒரு மீன்கார அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். மறுநாளே வாசலுக்கு ஒரு தகரப் பெட்டியும், நம்பர் எழுதிய அட்டை டோக்கன்களும் வந்துவிட்டன. பொருளைப் போடு, டோக்கனை வாங்கு, போகும்போது எடுத்துக்கொள். அதற்கப்புறம் வாசலில் சத்தமே இல்லை.

உண்மையில், கத்தி தெரிய வருகிறவரைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததே இல்லை. நாம் பார்க்காமல் விடுகிற ஆள்தான் பிரச்சினை. 2021 செப்டம்பரில் டெல்லி ரோகிணி கோர்ட்டில் விசாரணைக் கைதி ஒருவரைக் கோர்ட் அறைக்குள்ளேயே சுட்டுக் கொன்ற இரண்டு பேரும் வக்கீல் உடையில்தான் வந்திருந்தார்கள். கறுப்பு கோட்டை நிறுத்தி அடையாள அட்டை கேட்டால் வம்பு வரும் என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். நானும் தயங்கியிருக்கிறேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கையில் ஒரு கேஸ் கட்டு. தினமும் "வணக்கம் சார்" சொல்லிவிட்டுப் போகும் ஒரு பையனை யாரோ வக்கீலின் குமாஸ்தா என்றே மூன்று மாதம் நினைத்திருந்தேன். அவன் எதிர் கோஷ்டியின் ஆள். யாருக்கு எப்போது வாய்தா, எந்தப் படியில் ஏறுகிறார்கள் என்று நோட்டம் விட வந்தவன். ஒரு வக்கீலம்மா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அப்புறம் சங்கத்து மூத்த வக்கீல்களிடம் போய்ப் பேசினேன். அவர்களே முன்வந்து அட்டையைக் கையில் எடுத்து நீட்டியபடி வரத் தொடங்கினார்கள். பெரியவர்கள் காட்டும்போது ஜூனியர்கள் முறைத்துக்கொள்ள முடியாதே.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தை 2015 நவம்பர் முதல் சி.ஐ.எஸ்.எஃப். என்கிற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை பார்க்கிறது. அங்கே ஸ்கேனர், பாஸ் எல்லாம் உண்டு. சின்ன கோர்ட்டுகளுக்கு அந்த வசதி ஏது? ஒரு மெட்டல் டிடெக்டர் நிற்கும். அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாராவது செல்போன் சார்ஜ் போட்டிருப்பார்கள். காலையில் பாராவுக்கு வந்ததும் என் சாவிக்கொத்தோடு அதற்குள் ஒருமுறை நடந்து பார்ப்பேன். கத்தினால் சரி. கேமராவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இங்கே கடல்காற்றில் லென்ஸில் உப்புப் படியும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசல் வரிசையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 7 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் குண்டு வெடித்தது சோதனையைத் தாண்டி உள்ளே அல்ல. 5-ஆம் எண் வாசலில், பாஸ் வாங்க ஜனங்கள் நின்ற இடத்தில். 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒருவரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதும் கோர்ட் வாசலில்தான். சோதனை மெதுவாக நடந்தால் உள்ளே பத்திரம், வெளியே நூறு பேர் நடைபாதையில் நெருக்கியடித்து நிற்பார்கள். எனவே சோதிக்கிற வேகமும் பாதுகாப்பில் சேர்த்திதான். திங்கட்கிழமை கூட்டத்துக்குப் பெண் காவலர் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒருவர் டீ குடிக்கப் போனாலும் பெண்கள் வரிசை தெருவுக்குப் போய்விடும்.

முதல் நாள் மாலையே பெஞ்ச் கிளார்க்கிடம் மறுநாள் வழக்குப் பட்டியலைக் கேட்டு வாங்குவேன். பகை உள்ள இரண்டு கோஷ்டிக்கும் ஒரே நாளில் வாய்தா இருந்தால், ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்துக்கு மேலும் கூப்பிட முடியுமா என்று நீதிபதியிடம் கேட்டுச் சொல்லச் சொல்வேன். பெரும்பாலும் முடியும். கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவு வாங்கும் முதல் ரிமாண்டுக்கு ஆளை நேரில்தான் நிறுத்த வேண்டும். ஆனால் நீதிமன்றக் காவலை நீட்டிப்பதற்குக் காணொலி போதும் என்று சட்டமே சொல்கிறது. புழல் சிறையிலிருந்து வேனில் பத்துப் பேரை ஏற்றி வந்து, கையெழுத்து வாங்கி, திருப்பி அனுப்பும் வேலை அவசியமா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கலாம். வேன் வந்தாலே சொந்தக்காரர்கள் பிரியாணிப் பொட்டலத்தோடு சூழ்ந்துகொள்வார்கள். பாசம்தான், ஆனால் குஸ்காவுக்கு அடியில் என்னென்னவோ இருக்கும்.

தண்ணீர் பாட்டிலையும் விடாதீர்கள். 2023 மார்ச்சில் கோயம்புத்தூர் கோர்ட் வளாகத்தில் மனைவி மேல் கணவன் ஊற்றிய ஆசிட் பாட்டிலில்தான் உள்ளே வந்தது. "ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க" என்று கேட்பதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. குடும்ப வழக்கு என்றால் இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது: சட்டப்படியே உள்ளே வருகிற ஆயுதம். கொலை வழக்கில் பிடிபட்ட அரிவாளைச் சாட்சிக்கு அடையாளம் காட்ட எடுத்து வருவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நாலடி தள்ளி நிற்பார். சீல் பிரித்த அரிவாள் பெஞ்ச் கிளார்க் மேசையை விட்டு நகரக் கூடாது, சாட்சி கண்ணால் பார்த்துச் சொன்னால் போதும் என்று கோர்ட் கான்ஸ்டபிளிடம் சொல்லி வைப்பேன்.

மாலை பூட்டுவதற்கு முன் தகரப் பெட்டியைத் திறப்பேன். காலியாக இருந்தால் உள்ளே வந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள் என்று ஓரளவு நம்பலாம். ஒரு நாள் 14-ஆம் எண்ணில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் மிச்சமிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் மாடி முழுக்கத் தேடினோம். கேஸை மதியமே தள்ளிப் போட்டுவிட்டது தெரியாமல், எலக்ட்ரீஷியன் தம்பி வராந்தா பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.