கொப்புளம் விழுந்த ஃபைபர் படகை வாங்கலாமா?

30 வருடப் பழைய ஃபைபர் படகு ஒன்று மலிவாக விலைக்கு வருகிறதாம். அடிப்பகுதி முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். வாங்கிச் சரிசெய்யலாமா, விட்டுவிடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கொப்புளத்துக்காக மட்டும் அதைக் கைவிட வேண்டாம். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறைந்துவிடும்.

கண்ணாடியிழையைப் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து, அச்சில் அடுக்கடுக்காகப் படியவைத்து இறுகச் செய்ததுதான் ஃபைபர் படகு. வெளியே பளபளப்பது ஜெல்கோட் என்ற பூச்சு. கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதற்குள் தண்ணீர் சொட்டாகப் புகாது. ஆனால் தனித்தனி மூலக்கூறாக, மிக மெதுவாக ஊடுருவும்.

உள்ளே போன நீர் சும்மா இருப்பதில்லை. அடுக்குகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய காற்றுக்குழிகளில் சேர்ந்து, ரெசினில் வினைபுரியாமல் மிஞ்சிய கிளைக்கால் (glycol, நீரை இழுக்கும் ஒரு திரவம்) போன்ற பொருள்களைக் கரைக்கிறது. இப்போது உள்ளே அடர்ந்த கரைசல், வெளியே வெறும் தண்ணீர், நடுவில் பெரும்பாலும் நீரை மட்டும் விடும் ஜெல்கோட். பள்ளியில் உலர்திராட்சையை நீரில் போட்டு உப்பவைத்தோமே, அதே சவ்வூடு பரவல்தான். நீர் வந்துகொண்டே இருக்க, அழுத்தம் ஏறி ஜெல்கோட் புடைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பாலியெஸ்டரின் பெயரிலேயே எஸ்டர் இருக்கிறது. எஸ்டர் பிணைப்பை நீர் உடைத்தால் அமிலமும் ஆல்கஹாலும் கிடைக்கும். இங்கே அந்த ஆல்கஹால், கிளைக்கால்! அதாவது மேலும் நீரை இழுக்கும் சரக்கை, புகுந்த நீரே தயாரித்துக்கொள்கிறது. அமிலமோ அடுத்தடுத்த பிணைப்புகள் உடைவதை வேகப்படுத்துகிறது. கொப்புளத்தைக் குத்தினால் பிசுபிசுப்பான திரவமும் புளித்த காடி வாடையும் வருவது இதனால்தான். (பீய்ச்சி அடிக்கலாம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் குத்தாதீர்கள்.) இன்னொன்று: கடல்நீரைவிட நன்னீரில்தான் கொப்புளம் சீக்கிரம் வரும். கடலில் வெளிப்பக்கமும் உப்புக் கரைசல் என்பதால் நீரை உள்ளிழுக்கும் வேகம் தணிகிறது.

சரி, படகை வெயிலில் காயவைத்தால் போதாதா? போதாது. கிளைக்கால் நீரைப்போல் சுலபமாக ஆவியாகாது. அது தங்கிவிட்டால் மறுபடி நீரை இழுக்கும். ஜெல்கோட்டைச் செதுக்கி எடுத்து, நன்னீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் உலரவிட்டு, அப்புறம்தான் எபாக்ஸி என்ற வேறுவகை ரெசினைப் பூச வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் படகு பிழைத்துவிடும். இறுகிய பாலியெஸ்டரை அலுமினியம்போல் உருக்கி மறுபடி வார்க்க முடியாது என்பதால், கைவிட்ட படகு பெரும்பாலும் குப்பைதான். புதுப் பொருள்களைக் கண்டுபிடிக்கக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது பழையவற்றை மறுசுழற்சி செய்யும் ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாத மரத்துக்கு. ஃபைபர் மக்காது என்பது உண்மை; ஆனால் பல பழைய படகுகளில் மேல்தளத்துக்குள் பால்சா என்ற இலேசான மரமோ பிளைவுட்டோ இருக்கும். மோட்டார் மாட்டும் பின்பலகைக்குள்ளும், அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளுக்குள்ளும் மரம் இருக்கும். சரியாக அடைக்காத ஒரே ஒரு திருகுத் துளை போதும். உள்ளே போன நீருக்கு வெளியேற வழியில்லை, பூஞ்சை பிடித்துவிடும்.

இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். சுத்தியலின் பிளாஸ்டிக் கைப்பிடியால் சில அங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். அடுக்குகள் ஒட்டியிருந்தால் விறைப்பாக அதிர்ந்து 'டக்' என்று கேட்கும். ஒட்டு விட்ட இடத்திலும் ஊறிய இடத்திலும் அதிர்வு அமுங்கி 'தொப்' என்று கேட்கும். சந்தேகம் வந்தால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, உட்புறமாகச் சிறு துளை போட்டு மரத்தூளைப் பாருங்கள். வெளுப்பாக, உலர்ந்து வந்தால் தைரியமாக வாங்கலாம். மேல்தளத்தில் ஓரிரு இடம் மட்டும் ஊறியிருந்தால் வெட்டி மாற்றிவிடலாம். பின்பலகையிலும் தாங்குகட்டைகளிலும் கறுத்த ஈரத்தூள் வந்தால், சும்மா கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.