பொடி வைத்து ஊதுபவர்களுக்கு ஒரு சிறுநீர்ச் சோதனை

வாளையாறு தாண்டி, கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் நகைப் பட்டறையில் நகையை ஒட்டவைக்கப் பற்றுப் பொடி வைத்து ஊதுகிறவர்கள், "கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) நார்மல்" என்ற ரிப்போர்ட்டை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறையப் பாதி போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் தெளிவாக ஏறும். பொடியிலுள்ள காட்மியம் என்ற உலோகம் செய்யும் கேட்டை அதற்கு முன்பே காட்டுவது, சிறுநீரில் பார்க்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் சோதனை.

கேடிஎம் என்று சொல்லும் அந்தப் பற்றுப் பொடியில் பொதுவாக 92 பங்கு தங்கம், 8 பங்கு காட்மியம். தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்துவிடும். பற்று பிடிக்கிற நேரத்தில், ஊதுகுழலுக்கு மேல் குனிந்திருப்பவரின் மூக்குக்குள் அந்தப் புகை போகிறது. நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போய், அங்கே மெட்டலோதயோனின் என்ற சிறு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்துக்கு வருகிறது. வடிகட்டிய நீரிலிருந்து சத்தைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழல்கள் இதையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கின்றன. அப்படிச் சேர்ந்தது பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டு ஆகும்.

முதலில் கெடுவது அந்த நுண்குழல்தான். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம் வடிகட்டியில் எளிதாக நழுவும். நல்ல நுண்குழல் அதை அநேகமாக முழுவதும் மீட்டுவிடும். கெட்ட நுண்குழல் சிறுநீரில் விட்டுவிடும். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் இது தெரியாது. அந்தப் பட்டை நிறம் மாறுவது முக்கியமாக அல்புமின் என்ற வேறொரு புரதத்துக்கு. சோதனைச் சீட்டில் "சிறுநீரில்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ரத்தத்தில் பார்ப்பது வேறு சோதனை.

பெரும்பாலும் தவறு நடப்பது மாதிரி எடுப்பதில். அமிலச் சிறுநீரில் இந்தப் புரதம் சிதைந்துவிடும், மூத்திரப்பையிலேயே கூட. அதனால் காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பிடியுங்கள். உடனே பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) பார்த்து, 6க்குக் கீழே இருந்தால் லேபில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 6–8க்குள் கொண்டுவந்து உறையவைக்க வேண்டும். பட்டறையில் மட்டும் பிடிக்கவே வேண்டாம்: அதே சிறுநீரில் காட்மியமும் அளப்பார்கள், கையிலுள்ள தூசி டப்பாவில் விழுந்தாலே கணக்கு கெட்டுவிடும். சிறுநீர் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று காட்டும் சிறுநீர்க் கிரியாட்டினின் லிட்டருக்கு 0.3 முதல் 3 கிராமுக்குள் இல்லையென்றால் மாதிரியைத் திரும்ப எடுக்க வேண்டும். வெயிலில் வேர்த்தவருக்கு மேலே போகும், தண்ணீரை மடமடவென்று குடித்தவருக்குக் கீழே இறங்கும்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி, ஒரு கிராம் கிரியாட்டினினுக்குக் காட்மியம் 3 மைக்ரோகிராம், பீட்டா-2 300 மைக்ரோகிராம் தாண்டினால் கவனிக்க வேண்டும். காய்ச்சலிலும், ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசிகளாலும் பீட்டா-2 ஏறும். எனவே ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாமல் மறுபடி பாருங்கள். இரண்டாம் முறையும் கூடுதலாக வந்தால் பொடி வேலையை நிறுத்திவிட்டுச் சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். பீட்டா-2 1000 மைக்ரோகிராமை எட்டும் முன்பே விலகினால் இறங்க வாய்ப்புண்டு. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் திரும்பாது. பீடி, சிகரெட்டையும் விட வேண்டும், புகையிலையிலும் காட்மியம் இருக்கிறது.

துத்தநாகம், இண்டியம் கலந்த காட்மியமில்லாப் பொடிகள் கிடைக்கின்றன. அவற்றை ஊதும்போதும் புகையை முகத்துக்கு வராமல் இழுக்கும் விசிறி வேண்டும்.