நோயை முன்கூட்டிச் சொல்லும் காரணிகள்: ஓர் ஊரின் கணக்கு இன்னோர் ஊருக்குப் பொருந்துமா?

1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 பேரைத் திரட்டி ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களைப் பரிசோதித்து, யாருக்கு இதயநோய் வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் மூன்றும் மாரடைப்பை முன்கூட்டிக் காட்டுகின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் அப்படித்தான் கிடைத்தது.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. நோய் வந்த பிறகு விசாரித்தால், நோயாளி தன் பழைய பழக்கங்களை நோயின் கண்ணாடி வழியாகவே நினைவுகூர்வார். உடல் எடை போன்றவற்றை நோயே மாற்றியும் விடும். அறிகுறி தெரியாமல் உள்ளே வளரும் புற்றுநோய் எடையைக் குறைத்துவிட்டால், மெலிவுதான் மரணத்துக்குக் காரணம் என்று கணக்கு தவறாகச் சொல்லும். அதனால்தான் முதல் ஓரிரு ஆண்டுகளில் நிகழ்ந்த மரணங்களை விலக்கிவிட்டு இன்னொரு முறை கணக்கிடுவார்கள். முடிவு அப்போதும் மாறவில்லை என்றால் நம்பலாம்.

அடுத்த சிக்கல் அளவீடு. ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், தரையில் பதிந்த பாதம், இதய மட்டத்தில் கை. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஓர் ஊரில் இப்படி ஒழுங்காகவும் இன்னோர் ஊரில் அவசரமாகவும் அளந்தால், அந்த வித்தியாசம் இரண்டு மக்களுக்கும் இடையிலான வித்தியாசம் போலத் தோன்றும். ஒரே ஒரு முறை அளந்து நிறுத்தினாலும் தவறுதான்: அன்றைய ஏற்ற இறக்கம் கலந்துவிடுவதால், நோய்க்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு உண்மையில் இருப்பதைவிட வலுவற்றதாகத் தெரியும்.

எத்தனை பேர் தேவை? ஆய்வில் சேர்ந்தவர்களின் தொகையைவிட, எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதே முக்கியம். பரிசோதிக்கும் ஒவ்வொரு காரணிக்கும் குறைந்தது 10 நிகழ்வுகள் (கணிக்க விரும்பும் நோயோ மரணமோ) என்பது பழைய தோராய விதி. 10,000 பேரில் 60 பேர்தான் இறந்தார்கள் என்றால், ஆறு காரணிகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது. மீறிச் சேர்த்தால் கணிப்பு மாதிரி, அதாவது காரணிகளை வைத்து ஒருவரின் ஆபத்தைக் கணக்கிடும் சூத்திரம், அந்த 60 பேரின் தற்செயல்களை மனப்பாடம் செய்துகொள்ளும். புதிய மக்களிடம் கொண்டுபோனதும் தடுமாறும்.

நல்ல மாதிரிகூட இடம் மாறினால் பிசகும். எங்கே என்று ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். முதல் ஊரில் புகைக்காதவர்களில் 8 சதவீதத்தினருக்குப் பத்து ஆண்டுகளில் இதயநோய் வருகிறது, புகைப்பவர்களில் 16. இரண்டாவது ஊரில் 3, 6. இரு ஊரிலும் புகை ஆபத்தை இரட்டிப்பாக்குகிறது; காரணி பொதுவானது. ஆனால் முதல் ஊரின் மாதிரி, புகைக்கும் இரண்டாவது ஊர்க்காரரிடமும் 16 சதவீதம் என்றே சொல்லும். யாருக்கு ஆபத்து அதிகம் என்று வரிசைப்படுத்துவதில் தவறே இல்லை, எவ்வளவு என்பதில் இரண்டரை மடங்குக்கும் மேல் தவறு. மருந்து தொடங்கும் முடிவு இந்த 'எவ்வளவு' என்பதை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. வரிசைப்படுத்தும் திறனுக்கான மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதை நான் ஏற்கவே மாட்டேன். 10 சதவீத ஆபத்து என்று சொல்லப்பட்ட ஆயிரம் பேரில் உண்மையிலேயே ஏறத்தாழ நூறு பேருக்கு நோய் வந்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஃபிரேமிங்ஹாம் கணக்கையே 2001இல் இப்படிச் சோதித்தார்கள். அமெரிக்க வெள்ளையினத்தவருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஓரளவு சரியாக இருந்தது. ஜப்பானிய அமெரிக்க ஆண்களுக்கு ஆபத்தை மிகைப்படுத்தியது. அந்த மக்களின் சராசரி நோய் விகிதத்தையும் காரணிகளின் சராசரி அளவையும் உள்ளே வைத்துத் திருத்தியதும் நன்றாகப் பொருந்தியது. காரணிகளைத் தூக்கி எறியத் தேவை இருக்கவில்லை.

சில இடங்களில் வரம்பையே மாற்ற வேண்டியிருக்கும். உடல் நிறை குறியீடு (கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25 என்பது வழக்கமான எச்சரிக்கைக் கோடு. ஆசிய மக்கள் பலருக்கு அதற்குக் கீழேயே நீரிழிவு ஆபத்து கூடுவதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் செயல் எல்லைகளாகப் பரிந்துரைத்தது.

எதைக் கணிக்கிறோம் என்பதிலேயே கோளாறு இருந்தால் இந்தத் திருத்தம் எதுவும் உதவாது. யாருக்குக் கூடுதல் மருத்துவ உதவி தேவை என்று தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருள், நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது. அதே அளவு நோயுள்ள கறுப்பினத்தவருக்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் போலத் தெரிந்தார்கள். அந்தக் கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறுவோரில் அவர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

நலவாழ்வை அளப்பது இன்னும் கடினம். "உங்கள் உடல்நிலை பொதுவாக எப்படி?" என்ற ஒற்றைக் கேள்வி, பரிசோதனை முடிவுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் மரண ஆபத்தைக் காட்டுகிறது; அந்தப் பதில் மரணத்தை உண்டாக்குவதில்லை, ஆனாலும் கணிக்கிறது. இரண்டு மக்களை ஒப்பிடும்போதோ, ஒருவரின் 'பரவாயில்லை' இன்னொருவரின் 'நன்றாக இருக்கிறது' ஆகிவிடும். இதைச் சமாளிக்க எல்லோரிடமும் ஒரே சிறு விவரிப்பைக் கொடுப்பார்கள்: ஒருவர் 200 மீட்டர் நடந்தால் முழங்கால் வலிக்கிறது, படி ஏற முடியவில்லை; அவர் உடல்நிலைக்கு என்ன மதிப்பெண்? அந்த மதிப்பெண் இரு ஊரிலும் வேறுபட்டால், அந்த அளவுக்கு மக்களின் சொந்த மதிப்பெண்களையும் திருத்தலாம். விவரிப்பை எல்லோரும் ஒரே பொருளில் புரிந்துகொண்டால் மட்டுமே இது செல்லும். அதனால் முதலில் சிலரிடம் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.